கெட்டிப்பதில் இருக்கிறது குறி

சக்கிமுக்கித் துப்பாக்கியில் குறி விழவில்லை என்று யாராவது வந்து சொன்னால் கண்ணைப் பற்றியோ கை நடுக்கத்தைப் பற்றியோ நான் கேட்பதில்லை. எப்படிக் கெட்டித்தாய் என்றுதான் கேட்பேன். இன்றைய துப்பாக்கியில் மருந்து எவ்வளவு, குண்டு எவ்வளவு இறுக்கம் என்பதையெல்லாம் தோட்டா செய்கிற ஆலையே தீர்மானித்துவிடுகிறது. சுடுபவருக்கு மிச்சம் இருப்பது குறிபார்ப்பதும் விசையை இழுப்பதும்தான். குழல்வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கியில் அந்த ஆலையும் நாமே. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு தோட்டாவைக் குழலுக்குள்ளேயே செய்கிறோம். போன தடவை செய்த மாதிரியே இந்தத் தடவையும் செய்யத் தெரிந்தவருக்குக் குண்டு வட்டத்துக்குள் விழும். தெரியாதவருக்கு, எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும், ஒருமுறை மேலே, ஒருமுறை இடப்பக்கம் என்று அலையும்.

நான் இதைக் கற்றது பென்சில்வேனியாவில். இங்கே கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தொடங்கும் மான் வேட்டைப் பருவம் ஒன்று உண்டு. 1974-இல் தொடங்கிய அந்தப் பருவத்தில், கல்லை எஃகில் உரசித் தீப்பொறி எழுப்பும் பழைய வகைத் துப்பாக்கிதான் கணக்கு. அதனால்தான் மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட கைவேலை இங்கே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நான் வேட்டைக்குப் போகிறவன் இல்லை. தாளில் அச்சிட்ட வட்டமும், சங்கிலியில் தொங்கும் இரும்புத் தகடும்தான் என் இரை. என் துப்பாக்கி இந்த மண்ணுக்கே உரியது. ஜெர்மன் பேசும் குடியேறிகள் கொண்டுவந்த குட்டையான யேகர் ரைஃபிளை, 18-ஆம் நூற்றாண்டில் லேங்காஸ்டர் சுற்றுவட்டாரத்துத் துப்பாக்கிக் கொல்லர்கள் நீட்டி மெலிதாக்கிச் செய்தது. பிற்பாடு ஊரெல்லாம் அதைக் ‘கென்டக்கி ரைஃபிள்’ என்று அழைக்கத் தொடங்கியதில் பென்சில்வேனியாக்காரர்களுக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு சொல்: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்த வகைத் துப்பாக்கிக்கும் பொருந்தும், உரிமம் இல்லாமல் தொடக்கூடாது. அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டம் தளர்வாக இருந்தாலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் கடையில் வாங்கும் முன் ஒரு கிளப்பில் போய் நில்லுங்கள். 1933-இல் தொடங்கிய தேசிய மஸில் லோடிங் ரைஃபிள் சங்கத்துக்கு இண்டியானாவில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சின்ன ஊரில் சொந்தச் சுடுகளம் இருக்கிறது. கோடையில் ஒன்றும் இலையுதிர் காலத்தில் ஒன்றுமாகப் பெரிய போட்டிகள் அங்கே நடக்கும். கெட்டிக்கிற கைகளைப் பக்கத்தில் நின்று பார்க்க அதைவிட நல்ல இடம் தெரியாது.

மருந்திலிருந்து தொடங்குகிறேன். கருமருந்து என்றால் கருமருந்துதான். புகையில்லா மருந்து ஒரு சிட்டிகை கூட இந்தக் குழலுக்குள் போகக்கூடாது. இரண்டின் அழுத்தமும் வேறு. குழல் பிளந்து கை போகும். கருமருந்தைக் குறுணையின் பருமனை வைத்துப் பிரிக்கிறார்கள். ஒற்றை எஃப் பருமன், நாலு எஃப் மாவு போன்றது. என்னுடையது அரை அங்குல வாய் கொண்ட, .50 காலிபர் ரைஃபிள். அதற்கு இரண்டு எஃப் போடுகிறேன். மூன்று எஃப் சீக்கிரம் எரியும், கசடு கொஞ்சம் குறையும், அழுத்தம் கூடும். சின்ன வாய்க்குழல்களுக்கும் கைத்துப்பாக்கிக்கும் அதுதான் வழக்கம். நாலு எஃப், குழலின் பக்கவாட்டில் உள்ள சின்னக் கிண்ணத்தில் பற்றவைக்க மட்டும். கிண்ணத்துச் சுடர் ஒரு பக்கத் துளை வழியே குழலுக்குள் போகும். கருமருந்துக்கு மாற்றாக விற்கிற பொடிகள் பற்றிக்கொள்ள அதிகச் சூடு கேட்பவை. கல்லுக்குப் பதில், அடித்தால் வெடிக்கும் கேப்பு வைத்துச் சுடும் துப்பாக்கியில் அவை ஓடும், கல் துப்பாக்கியில் சண்டித்தனம் செய்யும்.

டெலவேரில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் டூ பான்ட் குடும்பத்தின் பழைய கருமருந்து ஆலை இப்போது ஹாக்லி அருங்காட்சியகம். 1802-இல் தொடங்கிய ஆலை. மருந்து அரைத்த கட்டடங்களுக்கு மூன்று பக்கம் தடித்த கற்சுவர், ஆற்றைப் பார்த்த பக்கம் மட்டும் இலேசான மரச்சுவர். வெடித்தால் வெடிப்பு ஆற்றுப் பக்கம் போகட்டும் என்ற கணக்கு. அங்கே போனால் நம் ஊர் ஆட்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. 1861-இல், உள்நாட்டுப் போர் மூண்ட சமயம், லாமோ டூ பான்ட் இங்கிலாந்துக்குப் போய், கருமருந்தில் சேரும் வெடியுப்பைக் கிடைத்ததையெல்லாம் வட மாநிலங்களுக்காக வாங்கிக் குவித்தார். அந்த வெடியுப்பு இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பீகாரின் மண்சுவர்களிலும் தொழுவங்களிலும் சுரண்டிக் காய்ச்சி எடுத்து, கப்பலேறிய சரக்கு.

மருந்தை எடை போட்டல்ல, கொள்ளளவு வைத்து அளக்கிறோம். மருந்துக் கொம்பிலிருந்து பித்தளை அளவுக் குழலுக்கு, அங்கிருந்து துப்பாக்கிக்கு. கொம்பை நேரே குழல்வாயில் கவிழ்க்கவே கூடாது. போன வெடியின் கனல் ஒன்று அடியில் மிஞ்சியிருந்தால், அளவுக் குழலில் இருக்கும் 4, 5 கிராம் மருந்து புஸ்ஸென்று போய் விரல் சுடும். கொம்பு முழுக்க இருந்தால் அது கையெறி குண்டு. கொட்டி முடித்ததும் கொம்பின் மூடியை அடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அளவுக் குழலில் கோடு வரை நிரப்பி, பக்கவாட்டில் ஒரே மாதிரி இரண்டு தட்டுத் தட்டுவேன். தட்டுவது கட்டாயமில்லை. ஆனால் ஒரு தடவை தட்டினால் எல்லாத் தடவையும் தட்ட வேண்டும்.

எவ்வளவு மருந்து? துப்பாக்கியோடு வரும் ஏட்டில் உச்ச அளவு இருக்கும், அதைத் தாண்டக்கூடாது. அதற்குக் கீழே எங்கே நல்ல குறி விழுகிறது என்பதைத் துப்பாக்கிதான் சொல்ல வேண்டும். 50 கிரெயினில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றி, ஒவ்வொரு அளவுக்கும் 50 கஜத்தில் வைத்த ஒரு தாளில் ஐந்தைந்து குண்டு சுட்டுப் பாருங்கள். ஓர் அளவில் துளைகள் நெருங்கி வரும், அதைத் தாண்டினால் மறுபடி விரியும். என் துப்பாக்கி 70 கிரெயினில், அதாவது நாலரை கிராமில் நிற்கிறது. வேகம் வேண்டும் என்று மேலே மேலே ஏற்றுகிறவர்கள் கிளப்பில் இருக்கிறார்கள். உருண்டைக் குண்டு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். நீங்கள் கூடுதலாகப் போட்ட மருந்தின் பலன் 100 கஜத்துக்குப் போகும்போது பெரும்பாலும் கரைந்துபோயிருக்கும். தோளில் விழுகிற உதை மட்டும் முழுசாக மிஞ்சும்.

இனி குண்டும் துணியும். இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். குண்டு சுத்தமான மெத்தென்ற ஈயம். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். குழலின் விட்டம் .50 அங்குலம் என்றால் குண்டு .490. அந்த இடைவெளியை அடைப்பது துணி. மெத்தை உறைக்குப் பயன்படும் நெருக்கமான பருத்தித் துணி, சுமார் .015 அங்குலத் தடிமன். குழலின் உட்புறத்து வரித்தடங்களைப் பிடித்துக்கொண்டு சுழல்வது துணிதான், ஈயம் அல்ல. குண்டு துணியோடு சேர்ந்து சுழன்று வெளியே வந்ததும் துணி கழன்று கீழே விழுந்துவிடும்.

அப்படி விழுந்த துணியைப் பொறுக்கிப் பாருங்கள். சுடும் இடத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து கஜத்தில் கிடக்கும். சுடுகளத்தில் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்து, போகலாம் என்று அறிவித்த பிறகு போய் எடுங்கள். நடுவில் கரிய வட்டம், ஓரம் நூல் பிரிந்த பூப்போல, வேறு சேதம் இல்லை என்றால் எல்லாம் ஒழுங்கு. நடுவட்டம் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லிசு, அல்லது எண்ணெய்ப் பசை போதவில்லை. சூடான வாயு குண்டைத் தாண்டி முன்னால் ஓடியிருக்கிறது. சீரான இடைவெளியில் கத்தியால் கீறினதுபோல் வெட்டுகள் இருந்தால் புதுக் குழலின் வரித்தடங்களோ குழல்வாயின் விளிம்போ கூராக இருக்கிறது. புதுக் குழல் என்றால் சுடச் சுட மழுங்கும். மழுங்காவிட்டால் வாயை மெருகேற்ற வேண்டும். ஒரு துணிக்குள் இவ்வளவு சேதி இருக்கும்போது தாளில் விழுந்த துளைகளை மட்டும் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

துணிக்குப் பசையாகப் பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம். கருமருந்துக் கசடோடு சேர்ந்து அது தார்போல் ஒட்டிக்கொள்கிறது. தேன்மெழுகும் தாவர எண்ணெயும் உருக்கிக் கலந்தது என் வழக்கம். ஊறவைத்துப் பிழிந்து எடுக்க வேண்டும். சொட்டுகிற பசை கீழே மருந்தை நனைத்துவிடும். பழைய ஆட்கள் மாட்டுக் கொழுப்பும் மெழுகும் சேர்ப்பார்கள். கொழுப்பு என்றதும் நம்மவர்களுக்கு 1857 சிப்பாய்க் கலகம் ஞாபகம் வரும். வர வேண்டியதுதான். என்ஃபீல்டு ரைஃபிளின் காகிதத் தோட்டாவில் தடவியிருந்தது இதே காரியத்துக்கான கொழுப்பு. கசடு படிந்த குழலில் குண்டு சிக்காமல் இறங்குவதற்காக. டம்டம் படைமுகாமில் புகைச்சல் கிளம்பிய பிறகு, சிப்பாய்கள் தாங்களே மெழுகும் எண்ணெயும் தடவிக்கொள்ளலாம் என்றார்கள். மெழுகும் எண்ணெயும் நன்றாகவே வேலை செய்யும், நான் அதைத்தான் தடவுகிறேன். அதை ஆரம்பத்திலேயே செய்யத் தோன்றவில்லை பாருங்கள்.

பசைத் துணியைக் குழல்வாயில் விரித்து, நடுவில் குண்டை வைத்து, குமிழ் வைத்த குட்டைக் கோலால் ஓர் அழுத்து. குண்டு வாய்க்குள் போனதும் நீளக் கோலை எடுங்கள். மரக்கோல் என்றால் குழல்வாய்க்கு ஒரு சாண் மேலே பிடித்துத் தள்ளி, மறுபடி ஒரு சாண் மேலே பிடித்துத் தள்ளி, அப்படியே இறக்க வேண்டும். உச்சியைப் பிடித்து உடம்பு பாரத்தைப் போட்டால் கோல் வளைந்து சாய்வாக முறியும். முறிந்த முனை உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த காயத்தின் தழும்பை எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். எந்தப் பாதுகாப்பு வகுப்பும் அவ்வளவு வேகமாகப் புரியவைக்காது.

குண்டு மருந்தின்மேல் போய் உட்கார்ந்தாக வேண்டும். பாதியில் நின்று, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் அழுத்தம் அந்த இடத்தில் குழலை உப்பவைக்கும், சில சமயம் வெடிக்கவைக்கும். கண்ணால் பார்க்க முடியாத இடம் என்பதால் கோலில் கோடு போட்டுக்கொள்கிறோம். வெற்றுக் குழலில் கோலை இறக்கி வாயோடு ஒரு கோடு. சரியாகக் கெட்டித்த பிறகு இன்னொரு கோடு. இரண்டாவது கோடு வாய்க்கு மேலே தெரிந்தால் குண்டு இன்னும் உட்காரவில்லை. வீட்டிலிருந்து எடுத்துவந்த துப்பாக்கியில் முதல் கோடு வாய்க்கு வர மறுத்தால் உள்ளே ஏற்கெனவே ஏதோ இருக்கிறது. உட்கார்ந்த பின் கோலை ஓங்கி இடிப்பதும் கூடாது. மெத்தென்ற ஈயம் நசுங்கும், மருந்துக் குறுணை நொறுங்கும். ஒரே அளவு அழுத்தம் போதும். இத்தனை வேலையிலும் முகமும் மார்பும் குழல்வாய்க்கு நேரே இருக்கக்கூடாது.

பேசிக்கொண்டே கெட்டிப்பவர்கள் மருந்து போட மறந்து வெறும் குண்டை இறக்கிவிடுவது சுடுகளத்தில் வாராவாரம் நடக்கிற கூத்து. யாரும் சிரிக்க மாட்டார்கள், எல்லோருக்கும் நடந்திருக்கிறது. பக்கத் துளை வழியே நாலு எஃப் மருந்தைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளி, குண்டு அடியோடு அழுந்தியிருக்கிறதா என்று கோலால் பார்த்து, கோலை வெளியே எடுத்துவிட்டு, மண்மேட்டைப் பார்த்துச் சுட்டால் வெளியே போய்விடும்.

கல்லைப் பற்றி. இங்கிலாந்தின் பிராண்டனில் உடைத்த கறுப்புக் கல், பிரான்சிலிருந்து வரும் தேன்நிறக் கல், இரண்டும் கிடைக்கின்றன. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இதில் கட்சி கட்டிச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. முக்கியம், கல்லைப் பிடிக்கும் குதிரையின் தாடையில் தோல் சுற்றி இறுக்குவதும், கல்லின் விளிம்பு எஃகுத் தகட்டில் முழு அகலத்துக்கும் ஒரே நேரத்தில் தொடுவதும். ஒரு மூலை மட்டும் முன்னால் இருந்தால் அந்த மூலை உடையும், பொறி குறையும். பறக்கும் பொறி கல்லினுடையது அல்ல. கல் சீவி எடுத்த எஃகுத் துகள் எரிகிறது. அதனால் எஃகில் எண்ணெய் இருந்தால் பொறி சோர்ந்துவிடும்.

கிண்ணத்தில் மருந்து நிரம்பி வழிய வேண்டும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். பக்கத் துளையின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். அதற்குள் மருந்து போய் அடைத்துக்கொண்டால் பொறி திரிபோல ஒன்றொன்றாகக் கொளுத்திக்கொண்டு உள்ளே போக வேண்டும். ‘புஸ்… டமார்’ என்று இரண்டு சத்தம் கேட்கும். துளை காலியாக இருந்தால் கிண்ணத்துச் சுடர் நேரே பாய்ந்து ஒரே சத்தமாகக் கேட்கும். மெல்லிய கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்துவிட்டு, துளையின் கீழ்விளிம்பைத் தொடாத அளவுக்குக் கிண்ணத்தில் கொஞ்சம் போட்டால் போதும். மழையோ ஈரக்காற்றோ இருக்கும் நாட்களில் கிண்ணத்து மருந்து சில நிமிடங்களிலேயே சேறாகும். துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

கிண்ணம் எரிந்தும் துப்பாக்கி வெடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? வேலையிடத்தில் எனக்குப் பின் சேர்ந்த கோயம்புத்தூர்த் தம்பி ஒருவனை அழைத்துப் போயிருந்தேன். விசையை இழுத்தான், கிண்ணத்தில் பளிச்சென்று எரிந்தது, அவ்வளவுதான். துப்பாக்கியோடு என் பக்கம் திரும்பப் பார்த்தான்.

“என்னங்ணா, வெடிக்க மாட்டீங்குது?”

“திரும்பாதே. அப்படியே நில்லு. வாயை மண்மேட்டுப் பக்கமே வச்சிரு.”

“எவ்வளவு நேரமுங்ணா?”

“ஒரு நிமிஷம். அதுக்கு மேலயே நின்னாலும் தப்பில்ல.”

உள்ளே மெதுவாகக் கனன்றுகொண்டிருக்கும் மருந்து எப்போது வேண்டுமானாலும் எழலாம். அதனால் தோளிலிருந்து இறக்காமல், குறியிலிருந்து விலக்காமல் காத்திருக்க வேண்டும். பிறகு துளையைக் குத்திவிட்டுக் கிண்ணத்தில் புது மருந்து போட்டு மறுபடி சுடலாம். அன்றைக்கு அவனுக்கு இரண்டாம் தடவை வெடித்தது. துளையில் போன வெடியின் கசடு அடைத்திருந்தது, வேறொன்றுமில்லை.

சுடும்போது கண்ணாடியும் காதடைப்பும் விட்டுவிடக்கூடாது. வலக்கைத் துப்பாக்கியில் பக்கத் துளையிலிருந்து ஒரு தீக்கீற்று வலப்பக்கம் பீறிடும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் இடப்பக்கமாகப் பின்னால் நிற்கட்டும். விசையை இழுத்த பிறகும், கண்ணிமைக்கும் நேரம்தான் என்றாலும், குண்டு இன்னும் குழலுக்குள் இருக்கிறது. கண்ணெதிரே பளிச்சிடும் கிண்ணத்தைக் கண்டு தலையைத் தூக்கினால் குண்டும் தூக்கிக்கொண்டு போகும். இந்தப் பளிச்சலைப் பார்த்து வாத்துகள் எழும்பிப் பறந்துவிடுகின்றன என்ற எரிச்சலில்தான் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத் 1807-இல் அடித்தால் வெடிக்கும் உப்பை வைத்துப் புதுவகைப் பற்றவைப்புக்கு உரிமை வாங்கினார் என்பார்கள். கேப்பு வந்த வழி அது. அதை வைத்துச் சுடுவது எளிதுதான், ஆனாலும் முதலில் கல் துப்பாக்கியில் பழகியவர்களுக்கே அசையாமல் நிற்கும் பழக்கம் நிலைக்கிறது. கிண்ணத்தில் மட்டும் மருந்து போட்டு, குழலில் ஒன்றும் இல்லாமல் பலமுறை விசையை இழுத்துப் பழகுங்கள். பளிச்சிடும்போது முன்குறி எங்கே இருந்தது என்று சொல்ல முடிகிற அன்று குண்டு போடலாம்.

கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் கெட்டிக் கசடாகத்தான் மிஞ்சுகிறது. அதனால் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று கோலில் சுற்றி விடுகிறேன். கனல் இருந்தால் அணையும், அடுத்த குண்டும் அதே இறுக்கத்தில் இறங்கும். ஈரம் அதிகமானால் அது துளைக்குள் போய் அடுத்த மருந்தை நனைத்துவிடும். துணியை நனைத்துப் பிழிந்துவிட வேண்டும்.

கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். சுட்ட அன்றே கழுவ வேண்டும், நாளைக்கு என்பது கிடையாது. வாங்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கல்லும் குதிரையும் உள்ள பூட்டைக் கழற்றி, பக்கத் துளையில் பல்குச்சி செருகி, குழலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டுக் கொட்டுங்கள். அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்பாக வரும். வீட்டில் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். தண்ணீர் தெளிந்த பிறகு துணி விட்டு இழுத்து, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை செய்யுங்கள். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பார்கள், ஆனால் அந்தச் சூட்டிலேயே காவித்துரு படர்வதைப் பார்த்திருக்கிறேன். காயவைத்து எண்ணெய் விட்டு, குழல்வாய் கீழே பார்க்க நிறுத்திவையுங்கள். எண்ணெய் அடியில் இறங்கித் துளையை அடைக்காது. மறுநாள் ஒரு துணி விட்டுப் பாருங்கள், காவி தெரிந்தால் இன்னொரு தடவை எண்ணெய். அடுத்த முறை சுடப் போகும்போது அந்த எண்ணெயை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, எஃகுத் தகட்டையும் துடைத்துவிட்டு, கிண்ணத்தில் மட்டும் மருந்து போட்டு ஒருமுறை எரித்துத் துளையை உலர்த்திக்கொண்டு கெட்டிக்கத் தொடங்குங்கள்.